66-ஆம் எண் ஜெர்சி: 140 டாலரும் ஒரு கோணல் எழுத்தும்

பார்சலைப் பிரித்ததும் முதலில் முதுகுப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். மேலே லெமியூ என்ற பெயர், ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, அதற்குக் கீழே ஒன்றரைச் சாண் உயரத்துக்கு இரண்டு ஆறுகள். ஆறு எழுத்துகள் ஒழுங்காக வரிசையில் நிற்க, கடைசியில் வரும் எக்ஸ் மட்டும் பந்தியில் இடம் பத்தாமல் ஒருக்களித்து உட்கார்ந்த ஆள் மாதிரி சாய்ந்திருந்தது. விலை 140 டாலர், தபால் செலவு தனி. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, இணையத்தில் பழைய விளையாட்டுச் சட்டைகளை விற்கும் ஆயிரம் பேரில் ஒருவர், அவ்வளவுதான். வீரர்கள் போடும் அதே தரம் என்று எழுதியிருந்தார். பாதி உண்மை.

விமர்சனம் ஜெர்சிக்குத்தான். ஆனால் அந்த 140-ல் துணிக்கும் தையலுக்கும் முப்பது நாற்பது டாலர் போனால் மீதி நூறும் அந்த 66-க்காகக் கொடுத்தது. அந்த நூறு டாலருக்கு மரியோ லெமியூ என்ற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் தகுமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஆடியதை நான் நேரில் பார்த்ததில்லை. 2008 கடைசியில் வேலைக்காக பிட்ஸ்பர்க் வந்தபோது அவர் ஆட்டத்தை விட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது, இந்த ஊர் ஹாக்கி அணியான பெங்குயின்ஸின் முதலாளிகளில் ஒருவர், என் கண்ணுக்கு மேலே கண்ணாடி அறையில் கோட் போட்டு உட்கார்ந்திருக்கும் உயரமான மனிதர். ஆட்டமெல்லாம் பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்ததுதான். ஒரு குளிர்காலம் முழுக்க, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை.

சரி, 66 போட்ட ஜெர்சி வாங்க நினைக்கிறவர் முதலில் எந்தக் காலத்து ஜெர்சி என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மூன்று இருக்கின்றன. 1992 வரைக்கும் ஸ்கேட் கட்டிக்கொண்டு மட்டையோடு ஓடும் பெங்குயின் படம். 1992-லிருந்து பத்து வருடம் முக்கோணம் போல நறுக்கிய ஒரு பறவைத் தலை. ஊரில் பாதிப் பேர் அதைப் புறா என்றுதான் கேலி செய்வார்கள். 2002-க்கு அப்புறம் பழைய பெங்குயின் திரும்பி வந்தது, ஆனால் பளீர் மஞ்சளுக்குப் பதிலாக மங்கின பித்தளை நிறம். அவருடைய மிகப் பெரிய எண்கள் சில அந்தப் புறா ஜெர்சியில்தான் வந்தன, 1992-93-ன் 160 பாயிண்டும் 1995-96-ன் 161 பாயிண்டும். அதை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் வாங்கியது 1991-92 சீசனின் கறுப்பு. காரணம் சின்னது. அந்தக் காலத்தில் சொந்த ஊரில் வெள்ளை, வெளியூரில் கறுப்பு. 1991-ல் மினசோட்டாவிலும் 1992-ல் சிகாகோவிலும், லீகின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பை இரண்டையும் வெளியூரில்தான் ஜெயித்தார்கள். ஆக அவர் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கும் படங்கள் இரண்டிலும் உடம்பில் இருப்பது கறுப்பு.

துணி நன்றாகவே இருக்கிறது. பொடித் துளைகள் உள்ள வலைத்துணி, கையில் தூக்கினால் ஒரு கனம் தெரிகிறது, முழங்கை இரட்டை அடுக்கு. உள்ளே முதுகுப் பக்கம் அடியில் ஒரு பட்டை தொங்குகிறது, அதைக் கால்சட்டையோடு பொருத்திக்கொள்வார்கள். சண்டை வந்தால் எதிராளி சட்டையை இழுத்துத் தலைமேல் கவிழ்த்துவிடக் கூடாது என்பதற்காக. எண்கள் இரண்டு அடுக்குத் துணி, ஓரம் முழுக்க நெருக்கமான தையல். மார்பில் லீக்கின் 75-ஆம் ஆண்டுச் சின்னம் இருக்கிறது, அந்த ஒரு சீசனுக்கு மட்டும் எல்லா அணிகளும் போட்டது. கையில் பேட்ஜர் என்ற எழுத்தும் 1931, 1991 என்ற இரண்டு வருடங்களும். அது பேட்ஜர் என்ற பட்டப்பெயர் கொண்ட பாப் ஜான்சனுக்காக. 1991-ல் முதல் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர், அந்த வருடம் நவம்பரிலேயே மூளைப் புற்றுநோயில் இறந்துபோனார். இந்தப் பட்டையை மறக்காமல் வைத்துத் தைத்ததற்காகவே விற்றவருக்குப் பாதி மன்னிப்பு.

மீதிப் பாதிக்கு இல்லை. கேப்டனைக் குறிக்கும் சி எழுத்தை இடது மார்பில் தைக்கவில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார். நகத்தால் ஓரத்தைத் தட்டினதுமே கிளம்பிவிட்டது. மற்றதில் கஞ்சத்தனம் செய்திருந்தால்கூட விட்டிருப்பேன், அந்த எழுத்திலா?

இனி எண்ணுக்கு வருவோம். 1965-ல் மொன்ட்ரியலில் பிறந்தவர். 1983-84-ல் கியூபெக் ஜூனியர் லீகில் லவால் அணிக்காக 70 ஆட்டத்தில் 133 கோல், 149 அசிஸ்ட், மொத்தம் 282 பாயிண்ட். கோலுக்கும் ஒன்று, கோல் போடப் பந்து கொடுத்தாலும் ஒன்று, அதுதான் பாயிண்ட். (பந்து என்று பழக்கத்தில் வந்துவிட்டது, அது வட்டமான ரப்பர் வில்லை, பக் என்பார்கள்.) அதே லீகில் கை லஃப்ளர் என்பவர் வைத்திருந்த 130 கோல் சாதனையை முறியடிக்கக் கடைசி ஆட்டத்தில் மூன்றோ நாலோ தேவைப்பட்ட இடத்தில் ஆறு போட்டார். அதே வருடம், வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீகான என்எச்எல்லில் அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக பிட்ஸ்பர்க் எடுத்தது. தேர்வு நடந்ததோ அவர் சொந்த ஊர் மொன்ட்ரியலில். சம்பளப் பேச்சு முடியவில்லை என்று அவர் எழுந்து போய் அணியின் மேஜையில் கை குலுக்கவில்லை, ஜெர்சியும் போட்டுக்கொள்ளவில்லை. பதினெட்டு வயதுப் பையன்! திமிர் என்று அன்றைக்கு எழுதினவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த ஜெர்சிக்கு நான் 140 டாலர் கொடுக்கிறேன், அவரோ அதைச் சும்மா நீட்டியபோதே வேண்டாம் என்றவர்.

1984 அக்டோபர் 11, பாஸ்டன் கார்டனில் முதல் ஆட்டம், ஐஸில் இறங்கிய முதல் முறை. ரே போர்க்கிடமிருந்து பக்கைப் பறிக்கிறார். போர்க் யாரென்றால் அந்தக் காலத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர், புதுப் பையன் பறித்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. தனியாக ஓடி, கோல்கீப்பர் பீட் பீட்டர்ஸை ஒரு பக்கம் சாய வைத்து மறுபக்கம் தள்ளிவிடுகிறார். முதல் ஷாட், முதல் கோல். அந்த சீசன் சரியாக 100 பாயிண்ட்.

ஆனால் அதே சீசனில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, கழித்தல் 35. ஒரு வீரர் ஐஸில் இருக்கும்போது சொந்த அணி போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது அது. அணியே கடைசி வரிசையில் கிடந்தது, உண்மைதான், இருந்தாலும் பக் நம் பக்கம் வரும்போது அவர் மெதுவாகத்தான் திரும்புவார். பழைய ஒளிப்பதிவில் நன்றாகத் தெரிகிறது. சோம்பேறி என்ற பேர் அப்போது வந்ததுதான். முதல் நாலு சீசனில் அணி ஒரு தடவைகூட பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான சுற்றுகளுக்கு, போகவில்லை. இதை அவருடைய ரசிகர்கள் சொல்லவே மாட்டார்கள்.

நான் அந்தக் குளிர்காலத்தில் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது, அந்த மெதுவான நடைதான் அவருடைய ஆட்டமே. ஆறடி நாலு அங்குல உடம்பு, அதற்கேற்ற நீளக் கை. மற்றவர்கள் அடிக்கிற நேரத்தில் அவர் அடிக்க மாட்டார். பக்கை வைத்துக்கொண்டு ஒரு கணம் சும்மா இருப்பார். எதிரில் நிற்கிற கோல்கீப்பருக்குப் பொறுமை போய்விடும், ஒரு முழங்காலை இறக்குவார் அல்லது ஒரு பக்கம் சாய்வார், அவ்வளவு போதும், அந்த இடைவெளியில் பக் உள்ளே போய்விடும். 1991 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் மினசோட்டாவின் ஜான் கேஸிக்கு எதிராகப் போட்ட கோலைப் பாருங்கள்: இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே பக்கை விட்டு எடுத்து, கேஸி முன்னால் வரும்வரை காத்திருந்து, விழுந்துகொண்டே பின்கையால் உள்ளே தள்ளுவார். ஓடும் வேகத்தில் நடந்ததுதான், ஆனால் அவர் அவசரப்பட்ட மாதிரியே தெரியாது. ஏழெட்டுத் தடவை பார்த்த பிறகும் எந்த இடத்தில் கேஸி தோற்றார் என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

ஜெர்சியைப் போட்டுக்கொண்டு முதன்முதலில் வெளியே போனது பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு. குளிருக்கு ஸ்வெட்டர் மாதிரி இருக்கட்டும் என்றுதான். தரிசனம் முடிந்து கீழே சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன், பின்னாலிருந்து ஒரு குரல், "தம்பி, எக்ஸ் கோணலா இருக்கே." எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெரியவர். எண்பதுகளிலேயே இந்த ஊருக்கு வந்தவராம். "நீங்க ஹாக்கி பார்ப்பீங்களா சார்?" என்று கேட்டதுதான் தாமதம், தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

அவர் 1988 டிசம்பர் 31 ராத்திரி பிட்ஸ்பர்க் ஹாக்கி அரங்கத்துக்குள் இருந்திருக்கிறார். ஹாக்கி தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐஸ் ஹாக்கியில் கோல் விழும் சூழ்நிலை ஐந்து வகை: இரண்டு பக்கமும் சம ஆட்கள், எதிரணியில் ஆள் குறைவு, நம் அணியில் ஆள் குறைவு, பெனால்டி ஷாட், எதிரணி கோல்கீப்பரை வெளியே எடுத்த பிறகு காலி வலை. நியூஜெர்சி டெவில்ஸுக்கு எதிராக அன்றைக்கு லெமியூ ஐந்து கோல் போட்டார், வகைக்கு ஒன்று. என்எச்எல்லில் இதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். கடைசிக் கோல், காலி வலையில் போட்டது, ஆட்டம் முடிய ஒரே ஒரு நொடி இருக்கும்போது. பெரியவருக்கு வருத்தம் என்னவென்றால், வண்டி நிறுத்தத்தில் கூட்டம் வந்துவிடும் என்று கூட வந்த நண்பர் கையைப் பிடித்து இழுத்து, அந்த ஐந்தாவது கோலைப் பார்க்காமல் படியேறிக்கொண்டிருந்தாராம். "சத்தம் மட்டும் கேட்டுது," என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த நண்பர் மேல் கோபம் போகவில்லை. அப்படியும் பாதி ஊர் தானும் அன்றைக்கு உள்ளே இருந்ததாகச் சொல்கிறது, இவராவது பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அந்த சீசன் 85 கோல், 114 அசிஸ்ட், 199 பாயிண்ட். இருநூறைத் தொட்டவர் வரலாற்றில் வெய்ன் கிரெட்ஸ்கி மட்டும்தான், இவர் ஒன்று குறைந்து நின்றார். கிரெட்ஸ்கி பேச்சு வந்தே தீரும். 66 என்பதே அவருடைய 99-ஐத் தலைகீழாகத் திருப்பினதுதான். 1987 கனடா கோப்பையில் இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள். ஹாமில்டனில் சோவியத் அணியோடு கடைசி ஆட்டம், 5-5, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை, கிரெட்ஸ்கி இடது பக்கமாக ஓடி, நடுவில் வந்தவரை விட்டுவிட்டுப் பின்னால் வந்த இவருக்குக் கொடுக்க, மேல் மூலையில் அடித்தார். அதுவரை திறமைக்காரர், அன்றிலிருந்து வேறு ஆள் என்று எல்லோரும் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் உடம்பு. 1989-90-ல் தொடர்ந்து 46 ஆட்டங்களில் பாயிண்ட் எடுத்துக்கொண்டே போனவர் முதுகு வலியால் நின்றார். 1990 கோடையில் முதுகெலும்பு வட்டுக்கு அறுவை சிகிச்சை, அதில் கிருமித் தொற்று, அடுத்த சீசனில் பாதிக்கு மேல் இல்லை. குனிந்து ஸ்கேட் கயிறு கட்ட முடியாமல் அணியின் உதவியாளர் கட்டிவிடுவார். அப்படிக் கட்டிவிட்ட காலோடுதான் 1991 பிளேஆஃபில் 23 ஆட்டத்தில் 44 பாயிண்ட், கோப்பை, சிறந்த ஆட்டக்காரர் பரிசு. அடுத்த வருடம் நடுவில் மட்டையால் அடிபட்டுக் கை எலும்பு உடைந்தது. திரும்பி வந்து மறுபடியும் கோப்பை, மறுபடியும் அதே பரிசு.

1993 ஜனவரியில் ஹாட்ஜ்கின்ஸ் என்ற நிணநீர்ப் புற்றுநோய் என்று அறிவித்தார். அந்த சீசனில் அவர் ஆடிய ஆட்டம் அதுவரை யாரும் பார்க்காதது, பாயிண்ட் பட்டியலில் எல்லோருக்கும் மேலே இருந்தார், அங்கேயே நின்றுபோனது. இரண்டு மாதம் ஆட்டமில்லை, கதிர்வீச்சு சிகிச்சை. மார்ச் 2-ஆம் தேதி காலையில் கடைசித் தவணை. முடிந்ததும் விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் அன்று ராத்திரியே ஆடினார். ஒரு கோல், ஒரு அசிஸ்ட். அணி 5-4 என்று தோற்றது. இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் கோல் இல்லை. ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இந்த மாநிலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எதிரணிக்கு வசவு தவிர வேறெதுவும் கொடுக்காத கூட்டம். அவர் ஐஸுக்கு வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள், நிறுத்தவே இல்லை. கழுத்தில் கதிர்வீச்சுத் தழும்பு மறைய உயரமான கழுத்துள்ள உள்சட்டை போட்டிருப்பார், அந்தச் சட்டையோடு தலையைக் கொஞ்சம் அசைத்து நிற்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் நடிப்பில்லை.

அவர் இல்லாத நேரத்தில் பஃபலோவின் பேட் லஃபோன்டெய்ன் தாண்டிப் போயிருந்தார். லஃபோன்டெய்ன் 84 ஆட்டத்தில் 148 பாயிண்டோடு முடித்தார். லெமியூ 60 ஆட்டத்தில் 160. நடுவில் அணி 17 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தது. மூன்றாவது கோப்பை உறுதி என்று இருந்தபோது இரண்டாம் சுற்றில் நியூயார்க் ஐலண்டர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். இந்த ஊரில் அந்தக் கடைசிக் கோலைப் போட்ட டேவிட் வோலெக் என்ற பெயரை உரக்கச் சொல்லாதீர்கள்.

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். லெமியூ பற்றிப் பேச்செடுத்தால் உடனே எல்லோரும் ஒருவேளை என்று ஆரம்பிப்பார்கள். ஒருவேளை முதுகு நன்றாக இருந்திருந்தால், ஒருவேளை நோய் வராமல் இருந்திருந்தால், ஆயிரம் கோல் அடித்திருப்பார். கணக்குக்கு இடம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவர் களம் கண்ட 17 சீசனில் அணிகள் ஆடியது சுமார் 1,380 ஆட்டம், இவர் ஆடியது 915. ஒரு சீசன்கூட ஒரு ஆட்டமும் விடாமல் ஆடியதில்லை, அதிகபட்சம் 79. ஆனால் இந்த ஒருவேளைப் பேச்சில் ஒரு இரக்கம் கலந்திருக்கிறது, பாவம் மனுஷன் என்கிற தொனி, அது எனக்குப் பிடிக்கவில்லை. 690 கோல், 1,033 அசிஸ்ட், 1,723 பாயிண்ட் வைத்திருக்கிறவரைப் பார்த்து என்ன பாவம்?

ஒருவேளை போட்டே ஆக வேண்டுமென்றால் நான் வேறொன்று போடுகிறேன். 1997-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 745 ஆட்டம், 1,494 பாயிண்ட். ஆட்டத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல். கிரெட்ஸ்கி இரண்டு வருடம் கழித்து முடித்தபோது அவர் சராசரி 1.92. அதாவது லெமியூ வீட்டிலேயே இருந்திருந்தால், இன்றைக்கு சராசரிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது, கிரெட்ஸ்கி இரண்டாவது. கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94-ஐ எப்படிப் பேசுகிறோம், அப்படி ஒரு எண் கையில் இருந்தது. பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமும் வழக்கமான மூன்று வருடக் காத்திருப்பைத் தள்ளிவைத்து உடனே சேர்த்துக்கொண்டது. வேறு யாரும் போடக் கூடாதென்று அந்த 66 அரங்கத்தின் கூரையில் பதாகையாக ஏறிவிட்டது. அதற்கு மேல் அந்த ஆளுக்கு என்ன வேண்டும்?

வந்தது கடன். 1998-ல் பெங்குயின்ஸ் திவாலானது. பழைய சம்பளத்தில் அவருக்குப் பின்னால் தருவதாகச் சொன்ன பாக்கி மட்டும் 3 கோடி டாலருக்கு மேல். கடன்காரர் பட்டியலில் முன்வரிசையில் இருந்தவர், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அல்லது வராது என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருக்கலாம். பாக்கியின் பெரும்பகுதியை அணியின் பங்காக மாற்றிக்கொண்டு, வேறு முதலீட்டாளர்களையும் சேர்த்து, 1999-ல் முதலாளி ஆனார். இதை நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். கம்பெனி சம்பளம் தராமல் இழுத்தது, கடைசியில் கம்பெனியையே எழுதி வாங்கிவிட்டான் என்று.

அப்படி வாங்கினதில் காலி இருக்கைகளும் சேர்ந்து வந்தன. 2000 டிசம்பர் 27, டொராண்டோவோடு ஆட்டம், மூன்றரை வருடம் கழித்துத் திரும்பி ஐஸில் இறங்கினார். கூரையில் தொங்கிய 66 பதாகையை ஆட்டத்துக்கு முன்னால் கீழே இறக்கினார்கள். 33-ஆவது நொடியில் சக ஆட்டக்காரர் யாரோமிர் யாகருக்கு அசிஸ்ட். அன்றைக்கு ஒரு கோல், இரண்டு அசிஸ்ட், 5-0. அதற்கு அப்புறம் 2006 ஜனவரியில் இதயத் துடிப்புக் கோளாறால் நிறுத்தும் வரைக்கும் 170 ஆட்டம், 229 பாயிண்ட். 37 வயதில் 67 ஆட்டத்தில் 91 எடுத்த சீசனும் அதில் இருக்கிறது. சாதாரண ஆளுக்கு இதுவே நல்ல கணக்கு. ஆனால் சராசரி 1.88-க்கு இறங்கியது, முதலிடம் கிரெட்ஸ்கிக்குப் போனது. திரும்பி வரும்போதே இது நடக்கும் என்று தெரியாமல் இருந்திருக்காது, எண்ணைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? கையிலிருந்த எண்ணைச் செலவழித்துத்தான் இருக்கைகளை நிரப்பினார். ஆயிரம் கோல் கனவைவிட எனக்கு இந்தக் கழிவுதான் பெரிதாகத் தெரிகிறது.

2002 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. கனடா அணிக்கு அவர் கேப்டன், ஐம்பது வருடமாகத் தங்கம் வராத நாடு. அமெரிக்காவுக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கிறிஸ் ப்ராங்கர் வேகமாக ஒரு பாஸ் கொடுக்கிறார். லெமியூ மட்டையை நீட்டி வாங்குவது போல் காட்டுகிறார், கோல்கீப்பர் அவரைப் பார்த்து நகர்கிறார், பக் அவர் கால்களுக்கு நடுவே தொடாமல் போய்விடுகிறது, பின்னால் நின்ற பால் கரியா உள்ளே தள்ளுகிறார். அவர் பக்கைத் தொடாததால் அந்தக் கோல் கணக்கில் அவர் பெயரே இல்லை, பாயிண்டும் இல்லை. அவருடைய ஆட்டத்தை ஒரே ஒரு துண்டில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் ஐந்து கோல் ராத்திரியைப் போட மாட்டேன், இதைத்தான் போடுவேன்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. தடுப்பாட்டம் பற்றிச் சொன்னேன். எதிராளிகள் பிடித்து இழுப்பதையும் கொக்கி போடுவதையும் நடுவர்கள் விட்டுவிடுகிறார்கள் என்று கோபித்து, லீகையே தெருவோர ஆட்டம் என்கிற ரீதியில் திட்டி அபராதம் கட்டினார். சொன்னது நியாயம், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து லீகே விதிகளை இறுக்கியது, ஆனால் சொன்ன விதத்தில் எரிச்சல்தான் அதிகம். பத்திரிகைக்காரர்களிடம் பேசவே பிடிக்காது. கிரெட்ஸ்கி ஆட்டத்துக்குத் தூதுவர் மாதிரி இருந்தார், இவருக்கு அந்த வேலை வேண்டாம். முதலாளியாகப் புது அரங்கத்துக்காக நகரத்தோடும் மாநிலத்தோடும் பேரம் பேசியபோது அணி வேறு ஊருக்குப் போகலாம் என்ற பேச்சு காற்றில் இருந்தது. அந்த மிரட்டலை மறக்காதவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கடைசியில் அரங்கம் வந்தது, 2010-ல் திறந்தார்கள், வாசலில் அவர் சிலையே நிற்கிறது.

2005-ல் தேர்வான சிட்னி கிராஸ்பி என்ற பதினெட்டு வயதுப் பையன் அவர் வீட்டில்தான் தங்கினார், பிள்ளைகளோடு பிள்ளையாக, சில வருடம். 2009, 2016, 2017 என்று மூன்று கோப்பை அந்தப் பையன் கேப்டனாக இருந்து தூக்கியது, முதலாளிப் பட்டியலில் இவர் பெயரோடு. ஆட்டக்காரராக இரண்டு, முதலாளியாக மூன்று.

மறுபடியும் ஜெர்சி. எழுதிக் கேட்டதில் விற்றவர் 25 டாலர் திருப்பிக் கொடுத்தார், சண்டை போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சி எழுத்தைப் பிரித்தெடுத்து, பசையைச் சுரண்டி, தடித்த நூலால் நானே தைத்தேன், ஒன்றரை மணி நேரம், இரண்டு தடவை விரலில் ஊசி. எக்ஸைப் பிரிக்கவில்லை. பிரித்தால் பழைய தையல் ஓட்டை தெரியும், தவிர அந்தப் பெரியவர் கோயிலில் என்னைத் தூரத்தில் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான்.

துணிக்கு ஐந்துக்கு நாலு, தையலுக்கு இரண்டு, எண்ணுக்கு ஐந்து. வாங்குகிறவர்கள் பேட்ஜர் பட்டை இருக்கிறதா என்று படத்தை நன்றாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது இல்லாமல் 75-ஆம் ஆண்டுச் சின்னம் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்கள். அளவு ஒன்று பெரிதாகவே வரும், உள்ளே பாதுகாப்புக் கவசம் போடும் உடம்புக்கு வெட்டின சட்டை. பச்சைத் தண்ணீரில் உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். ட்ரையரில் வேண்டாம். நான் ஒரு தடவை போட்டேன், அந்த 75-ஆம் ஆண்டுச் சின்னத்தின் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டு வந்தது, இன்னும் நிமிரவில்லை.